எங்கே உறுத்துகிறதோ, அங்கே தேடுங்கள்

1022-லிருந்து 13-ஐக் கழியுங்கள். வந்த விடையிலிருந்து இன்னொரு 13. அதிலிருந்தும் 13. 1009, 996, 983, 970... காகிதம் கிடையாது, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எதிரே வெள்ளைக் கோட் போட்ட சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள். தலையசைக்க மாட்டார்கள், புன்னகைக்க மாட்டார்கள். ஓரமாக ஒரு கேமரா ஓடுகிறது. ஓர் எண் பிசகினால், “தவறு, மறுபடி 1022-லிருந்து” என்று மட்டும் குரல் வரும். இதற்குச் சற்று முன்புதான் அதே ஆட்களின் முன் ஐந்து நிமிடம் நின்று, ஒரு வேலைக்கு நீங்கள் ஏன் தகுதியானவர் என்று பேசி முடித்திருக்கிறீர்கள். உள்ளங்கை ஈரமாகிவிட்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது.

ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் உருவாகி, 1993-இல் வெளியான சோதனை இது. ட்ரியர் சமூக அழுத்தச் சோதனை என்று பெயர். யாருக்கும் காயம் படாமல், ஓர் அறைக்குள் மன அழுத்தத்தை வரவழைக்க உலகம் முழுக்க ஆய்வாளர்கள் இதைத்தான் நாடுகிறார்கள். கார்ட்டிசோல் என்ற ஹார்மோன் எவ்வளவு ஏறுகிறது என்பதை எச்சிலை எடுத்தே பார்த்துவிடலாம். பள்ளியில் கரும்பலகை முன்னால் சாக்பீஸோடு நிறுத்தப்பட்டு, வாய்ப்பாடு மறந்துபோய் நின்ற எவருக்கும் அந்த ஏற்றம் தெரியும்.

2005-இல் டேவிட் கிரெஸ்வெல் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக மாணவர்களிடம் நடத்தியது. அந்த அறைக்குள் அனுப்புவதற்கு முன், சமயம், அரசியல், சமூக அக்கறை, கலை என்று சிலவற்றைக் கொடுத்து, தங்களுக்கு எது முக்கியம் என்று வரிசைப்படுத்தச் சொன்னார்கள். ஒரு பகுதியினரிடம், முதலிடத்தில் வைத்ததைப் பற்றிக் கேள்விகள் கேட்டார்கள். மற்றவர்களிடம், கடைசி இடத்தில் வைத்ததைப் பற்றி. அவ்வளவுதான். பிறகு எல்லோருக்கும் அதே பேச்சு, அதே கணக்கு, அதே கல்முகங்கள். தனக்கு உயிரான ஒன்றைப் பற்றிச் சற்றுமுன் யோசித்திருந்தவர்களின் எச்சிலில் கார்ட்டிசோல் குறைவாக இருந்தது.

இதைப் படித்தபோது நான் நின்ற இடம் ஒன்று உண்டு. அந்த மாணவர்களுக்கு யாரும் தைரியம் சொல்லவில்லை. மூச்சை இழுத்து விடச் சொல்லவில்லை. 13-ஐக் கழிப்பதற்கும் கலையை நேசிப்பதற்கும் என்ன உறவு? ஒன்றுமில்லை. இருந்தும் உடம்பு கேட்டிருக்கிறது.

விளக்கம் அதற்கும் முன்பே, 1988-இல் வந்துவிட்டது. கிளாட் ஸ்டீல் என்ற அமெரிக்க உளவியலாளர், ‘நான் சரியான ஆள்தான்’ என்ற நம்பிக்கையைக் காப்பாற்றிக்கொள்ளவே மனித மனம் ஓயாமல் வேலை செய்கிறது என்றார். அந்த நம்பிக்கைக்கு ஒரு பக்கம் அடி விழுந்தால், வேறொரு பக்கத்தை ஊன்றி நிமிர முடியும் என்பது அவர் கண்டது. நம் ஊர்ப் பந்தலை நினைத்துக்கொள்ளுங்கள். காற்றில் ஒரு கால் ஆடுகிறது. அந்த ஒரு காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பவனுக்குப் பந்தல் முழுக்கச் சாய்கிற மாதிரிதான் இருக்கும். கொஞ்சம் தள்ளி வந்து பார்த்தால் மற்ற கால்கள் தெரியும்.

இந்த வாரம் நம்மில் எத்தனை பேர் ஆடுகிற ஒற்றைக் காலைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம்? மார்ச் மாத டார்கெட், வீட்டுக்கடன் இ.எம்.ஐ., பிள்ளையின் கட்-ஆஃப், மாமியாரின் ஒரு சொல். அந்த ஒன்றே ‘நான்’ என்று ஆகிவிடும்போதுதான் நெஞ்சு இறுகுகிறது.

நம் பேச்சில் எல்லாமே ‘டென்ஷன்’ ஆகிவிட்டது. ஆனால் தமிழில் இதற்குத் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: பளு, உறுத்தல். வேலை மூன்று ஆளுடையது, செய்வது ஓர் ஆள் என்றால் அது பளு. இறக்கி வைத்தால் தீரும். தூங்கி எழுந்தால் பாதி குறையும். உறுத்தல் அப்படியில்லை. செருப்புக்குள் நுழைந்த கல் அது. உட்கார்ந்தால் தெரியாது, அடுத்த அடி எடுத்து வைத்ததும் குத்தும்.

தனியார் வங்கியில் வேலை பார்க்கும் என் நண்பனுக்கு இது நடந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பணிக்கொடைப் பணத்தை டெபாசிட் போட வந்திருக்கிறார். கிளையின் டார்கெட் நெருக்க, அதை முதலீட்டோடு கூடிய ஒரு காப்பீட்டுத் திட்டத்தில் போட வைத்துவிட்டான். ஐந்து வருடம் பணத்தை எடுக்க முடியாது என்பது படிவத்தில் இருந்தது. இவன் வாயில் வரவில்லை. “ராத்திரி படுத்தா அந்த சார் முகம்தான் வருது. என்னைத் தம்பின்னு கூப்பிடுவாரு” என்றான். நாலு நாள் லீவு போட்டுக் கொடைக்கானல் போனான். “அங்கயும் அவரு வந்துட்டாருடா.”

வேலையை விட முடியாது. வீட்டுக்கடன் இருக்கிறது, இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். அவன் செய்தது ஒன்றே ஒன்றுதான். அறுபது தாண்டியவர் யார் வந்து உட்கார்ந்தாலும், பணம் எத்தனை வருடம் முடங்கும் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லிவிட்டுத்தான் படிவத்தை எடுப்பது. அந்தக் காலாண்டில் டார்கெட் விழுந்தது. மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். ஊக்கத்தொகையும் போயிற்று. பளு கூடியது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் தூக்கம் வந்துவிட்டது.

1984-இல் ஆண்ட்ரூ ஜேம்ட்டன் என்பவர், அமெரிக்கச் செவிலியர்களின் நிலையை வைத்து இந்த வலிக்கு ஒரு பெயர் வைத்தார். சரியானது எது என்று தெரிந்தும், நிறுவனம் அதைச் செய்யவிடாதபோது வரும் அறத் துன்பம். பணியிடத்தில் மனம் கருகிப்போவதைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த கிறிஸ்டினா மாஸ்லாக், மைக்கேல் லைட்டர் என்பவரோடு சேர்ந்து 1997-இல் எழுதிய நூலில் ஆறு காரணங்களைச் சொல்கிறார். மிகுதியான வேலை அவற்றில் ஒன்று. ஆளின் விழுமியமும் நிறுவனத்தின் விழுமியமும் முட்டிக்கொள்வது இன்னொன்று. ஒன்றுக்கான மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்தால் வேலை செய்யாது. ஒரே நர்ஸ் மூன்று வார்டைப் பார்க்கும் இடத்தில் விழுமியம் பற்றி வகுப்பு எடுப்பது அநியாயம். அங்கே ஆள் போட வேண்டும். அதேபோல, மனசாட்சியை விற்றுவிட்டு வந்து நிற்பவனுக்கு யோகா பாயைக் கையில் கொடுப்பதும் வீண்.

விழுமியம். பாடப்புத்தகத்திலும் கருத்தரங்க அழைப்பிதழிலும்தான் இந்தச் சொல்லைப் பார்க்கிறோம். டீக்கடையில் யாரும் சொல்வதில்லை. அங்கே ‘சொன்ன சொல்லு’ என்பார்கள், ‘நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல’ என்பார்கள், ‘அதெல்லாம் என்னால முடியாதுப்பா’ என்பார்கள். மூன்றும் விழுமியம்தான். ஆனால் இந்தச் சொல்லுக்குள் ஒரு புதையல் இருக்கிறது. இதே வேரிலிருந்து வந்த ‘விழுமம்’ என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் சிறப்பு என்றும் பொருள், துன்பம் என்றும் பொருள். தொல்காப்பியத்தின் உரியியல் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது. நமக்கு எது மேலானதோ அதற்கும், நமக்கு எது வலியோ அதற்கும் ஒரே சொல். அகராதியில் இதைக் கண்ட அன்று நெடுநேரம் அந்தப் பக்கத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தேன். நமக்கு அக்கறை இல்லாத ஒன்று நம்மைத் துன்புறுத்துவதே இல்லை. அப்படியானால் எங்கே உறுத்துகிறதோ, அங்கேதான் நம் விழுமியம் கிடக்கிறது.

என் அப்பாவால்தான் எனக்கு இது அனுபவத்தில் தெரிந்தது. பக்கவாதம் வந்து வீடு திரும்பியிருந்தார். கையும் காலும் மெல்லத் தேறின, பேச்சு தேறவில்லை. ஒரு வாக்கியத்துக்கு மூன்று நிமிடம் ஆகும். முதல் எழுத்தே நாலு தடவை வந்து நிற்கும். நான் இதழ் முடிக்கும் அவசரத்தில் மடிக்கணினியோடு கட்டில் அருகே உட்கார்ந்திருப்பேன். அவர் ‘த...’ என்று தொடங்கினால், “தண்ணியாப்பா?” என்பேன். ‘மா...’ என்றால், “மாத்திரை போட்டாச்சுப்பா” என்பேன். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவர் ‘மோ...’ என்று ஆரம்பித்தார். “மோர் கொண்டு வரச் சொல்றேன்” என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அவர் வாயை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

அன்றிரவு நெஞ்சு படபடத்தது. மூன்று கட்டுரைகள் பாக்கி, மருத்துவமனைக்குக் கட்ட வாங்கிய கைமாற்று பாக்கி. அவைதாம் காரணம் என்று நினைத்தேன். மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில், ‘இன்று எது உறுத்தியது?’ என்று எழுதினேன். கட்டுரையும் வரவில்லை, கடனும் வரவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிய அந்த முதுகுதான் வந்தது. முன்பின் தெரியாதவர்கள் பேசி முடிக்கிறவரை காத்திருந்து கேட்பதுதான் இத்தனை வருடம் எனக்குச் சோறு போட்ட வேலை. அதை, பெற்ற தகப்பனுக்குச் செய்யவில்லை.

அன்று இதழை முடிப்பது என் இலக்கு, காத்திருந்து கேட்பது என் விழுமியம். இலக்கும் விழுமியமும் ஒன்றல்ல என்று சொல்வார் ஸ்டீவன் ஹேஸ். ஏற்பு, உறுதி என்ற இரண்டையும் அடித்தளமாகக் கொண்ட உளசிகிச்சை முறையை உருவாக்கியவர்களில் முதன்மையானவர். நீட் ரிசல்ட் வரும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். மகள் டாக்டர் ஆக வேண்டும் என்பது இலக்கு. மார்க் வந்த நிமிடத்தில் அது உடைந்துபோகலாம். மகளுக்குத் துணையாக இருக்கும் தாயாக இருக்க வேண்டும் என்பது விழுமியம். அதற்கு வேலை வருவதே அந்த நிமிடத்தில்தான். ரிசல்ட் சரியில்லை என்று தெரிந்ததும் பிள்ளையைவிட அதிகமாகக் குலைந்துபோகும் பெற்றோரைப் பார்த்திருக்கிறோம். இலக்கை மட்டும் வைத்திருந்தவர்களுக்கு அன்று கையில் ஒன்றுமே மிஞ்சுவதில்லை.

தனக்கு முக்கியமானதை யோசிக்க வைக்கும் பயிற்சியைப் பள்ளிக்கூடத்திலும் செய்து பார்த்தார்கள். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு பட்டியலைக் கொடுத்து, தனக்கு முக்கியமானதையும் அது ஏன் முக்கியம் என்பதையும் எழுதச் சொன்னார்கள். கால் மணி நேர வேலை. நட்பு, குடும்பம், இசை, விளையாட்டு, இப்படி ஏதாவது. உளவியலாளர் ஜெஃப்ரி கோஹன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட முடிவு பலரை நிமிர வைத்தது. நிறத்தால் தாழ்வாக எடைபோடப்படுவோமோ என்ற அச்சத்தோடே வகுப்பில் உட்கார்ந்திருந்த கறுப்பினப் பிள்ளைகளின் மதிப்பெண் உயர்ந்து, வெள்ளையினப் பிள்ளைகளுடனான இடைவெளி சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது.

இது மந்திரமில்லை. பின்னால் வேறு ஊர்களில் பெரிய அளவில் செய்தபோது சில இடங்களில் பலன் மிகவும் சிறியதாக இருந்தது, சில இடங்களில் கிடைக்கவே இல்லை. இன்னொன்றும் தெரிய வந்தது. ‘இதை எழுதினால் உனக்கு நல்லது’ என்று மேலிருந்து திணிக்கும்போது பலன் குறைகிறது. தானாக எடுத்துச் செய்தால் நிற்கிறது. அலுவலக லிஃப்ட் பக்கத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் ‘நமது விழுமியங்கள்’ யார் நெஞ்சையும் ஏன் ஆற்றுவதில்லை என்பதற்கு இதுவே விடையாக இருக்கலாம்.

இங்கே நம் சமூகத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நமக்கு விழுமியம் என்று கொடுக்கப்பட்டவற்றில் பாதி இரவல். ‘நாலு பேர் என்ன சொல்வாங்க’ என்பது விழுமியமில்லை, அது பயம். ‘குடும்பம்தான் எனக்கு முக்கியம்’ என்று ஒரு பெண் எழுதும்போது, அது அவள் மனதிலிருந்து வந்த வரியா, இல்லை இருபது வருடமாக அவளுக்குச் சொல்லிக்கொடுத்த வரியா என்று அவள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கடன் வாங்கி, நகை போட்டு, மண்டபம் பிடித்துச் சீர் செய்துவிட்டு வட்டி கட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்களைக் கேளுங்கள். ‘மானம்’ என்பார்கள். ஊரே இல்லாத ஒரு தீவில் இருந்திருந்தால் இதைச் செய்திருப்பீர்களா என்று கேட்டால், பதில் வர நேரமாகும். இரவல் விழுமியம் அழுத்தத்தைக் குறைக்காது, அதுவே அழுத்தம். சொந்த விழுமியம் கடினமான வேலையைக் கேட்கும், ஆனால் நம்மைக் கூசிப்போக வைக்காது.

எவ்வளவு கடினமான வேலை என்பதற்கு, வியன்னாவின் மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கலின் கதையைத் தவிர்க்க முடியாது. 1941. நாஜிகளின் பிடியில் யூதர்கள். அவருக்கு அமெரிக்கா போக விசா கிடைத்துவிட்டது. போனால் உயிர் பிழைக்கலாம், கையெழுத்துப் பிரதியாக இருக்கும் நூலையும் காப்பாற்றலாம். ஆனால் வயதான பெற்றோருக்கு விசா இல்லை. குழப்பத்தோடு வீட்டுக்கு வந்தவர், மேசைமேல் ஒரு சலவைக்கல் துண்டைப் பார்த்தார். இடித்துத் தகர்க்கப்பட்ட யூதக் கோயிலின் இடிபாட்டிலிருந்து அப்பா எடுத்து வந்தது. பத்துக் கட்டளைகள் பொறித்த பலகையின் ஒரு சில்லு, அதில் பொன் பூசிய ஓர் ஈபுரு எழுத்து. எந்தக் கட்டளையின் எழுத்து என்று கேட்டார். தாய் தந்தையரைப் போற்றச் சொல்லும் கட்டளை என்றார் அப்பா. விசா காலாவதியாகட்டும் என்று ஃபிராங்கல் விட்டுவிட்டார்.

1942-இல் குடும்பத்தோடு தெரசியன்ஷ்டாட் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அப்பா அங்கேயே இறந்தார். கடைசி நேரத்தில் மகன் பக்கத்தில் மருத்துவராக இருந்து வலியைத் தணித்தார். அம்மாவை ஆஷ்விட்ஸில் கொன்றார்கள். மனைவியும் முகாமில் மாண்டார். ஃபிராங்கல் 1945 ஏப்ரலில் விடுதலையானார். விழுமியம் அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றவில்லை. காப்பாற்றும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போவதா இருப்பதா என்ற அந்த வதையை மட்டும் அது முடித்து வைத்தது. அப்பாவின் மரணப் படுக்கையருகே இருந்த மகன் என்ற நிறைவை யாராலும் அவரிடமிருந்து பறிக்க முடியவில்லை.

இன்றைய அகதி முகாம்களுக்கும் விழுமியப் பயிற்சி போயிருக்கிறது. தென் சூடான் போரிலிருந்து தப்பி, உகாண்டாவில் தஞ்சம் புகுந்த பெண்கள் ஏறத்தாழ 700 பேரை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2020-இல் வெளியானது. உலக சுகாதார நிறுவனம் வடிவமைத்த பயிற்சி அது. ஐந்து அமர்வுகள், அவர்கள் மொழியில் பதிவு செய்த ஒலி, ஒரு படப்புத்தகம். நடத்தியவர்கள் மருத்துவர்கள்கூட இல்லை, குறுகிய பயிற்சி பெற்றவர்கள். தரையில் கால் பதித்துத் தன்னை நிலைப்படுத்திக்கொள்வது, எண்ணங்களின் பிடியிலிருந்து விடுபடுவது, தன்னிடமும் பிறரிடமும் கனிவாக இருப்பது, இவற்றோடு தன் விழுமியத்துக்கு ஏற்ற ஒரு சின்னச் செயலைச் செய்வதும் அதில் ஒரு பகுதி. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, பயிற்சி பெற்றவர்களின் மனத்துயர் குறைந்திருந்தது. போர் அப்படியேதான் இருந்தது. முகாம் வாழ்க்கையும் அப்படியேதான்.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பத்துச் சொற்களைப் பட்டியல் போடாதீர்கள். நேர்மை, அன்பு, உழைப்பு என்று எழுதினால் பரீட்சை விடைத்தாள் மாதிரி இருக்கும், உள்ளே இறங்காது. ஒன்றே ஒன்றை எடுத்து, அதன்படி நீங்கள் நடந்துகொண்ட ஒரு நாளை எழுதுங்கள். யார் இருந்தார்கள், என்ன சொன்னீர்கள், மழையா வெயிலா என்பது உட்பட. ‘உதவி செய்வது’ என்று எழுதுவதைவிட, ‘ஆடி மாசத்தில் எதிர்வீட்டுப் பையனுக்குப் பீஸ் கட்டினேன்’ என்று எழுதுவது ஆயிரம் மடங்கு மேல். பிரச்சினை முடிந்த பிறகு எழுதுவதைவிட, அதை நோக்கிப் போவதற்கு முன்னால் எழுதுங்கள். ஆய்வுகளில் பெரும்பாலும் அப்படித்தான் செய்தார்கள். எதுவுமே தோன்றவில்லையா? இந்த வாரம் எது உறுத்தியது என்பதிலிருந்து தொடங்குங்கள்.

தூக்கம், பசி, பேச்சு எல்லாம் வாரக்கணக்கில் அற்றுப்போனவர்கள், உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறவர்கள், தாளையும் பேனாவையும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். மருத்துவரைப் பார்ப்பதும், பார்க்க ஒருவரை அழைத்துப் போவதும்கூட விழுமியத்தின்படி நடப்பதுதான்.

மருந்துச்சீட்டில் எழுதிய மறுநாள், இதழாசிரியருக்கு போன் செய்தேன். சாயங்காலம் ஆறிலிருந்து ஆறரைவரை கிடைக்க மாட்டேன் என்றேன். முடிக்க வேண்டிய பக்கங்களில் ஒன்றும் குறையவில்லை. போனை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, கட்டிலருகே வெறுங்கையோடு உட்கார்ந்தேன். அப்பா முதல் இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் ‘மோ...’ என்றார். என் நாக்கு நுனியில் மோர் வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தெருவில் பால்காரரின் மணிச்சத்தம் கடந்துபோயிற்று. அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது, கண் என்னை விடவில்லை.

“மோ... மோட்டார்... சத்தம் மாறி... இருக்கு. காத்து இழுக்குது. ஃபுட்வால்வைப் பாரு.”

கிணற்று மோட்டார். படுத்த படுக்கையிலிருந்து இத்தனை நாளாக அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். சொல்ல முயன்றுகொண்டும் இருந்திருக்கிறார். மறுநாள் பிளம்பர் வந்து குழாயைத் தூக்கிப் பார்த்தார். அப்பா சொன்னது சரி.